குறைவாய் இறங்கியது

நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.
இருபது வருடத் துறைமுகத்தில்
என் கை நன்றாய் அறிந்த எழுத்து அதுதான்.
மாவு மூட்டை, கண்ணாடிப் பெட்டி, கம்பிக் கட்டு
எது இறங்கினாலும் ஐந்தைந்தாய்.

ஜனவரி முதலாந் திகதி
கம்பனிக் கலண்டரின் முதுகில்
நாற்பது என்று எழுதினேன்.
நாற்பது புத்தகம்.
"ஊரெல்லாம் சாராயத்தை விடுறன் எண்டு எழுதுது,
உங்களுக்குப் புத்தகக் கப்பல் வருகுதோ?"
என்றாள் றெஜினா.

மார்ச்சில் பத்து.
ஜூனில், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாச் சனத்துக்குள்
மெழுகுதிரி வரிசையில் நின்றபடியே
பத்தொன்பதாவதின் கடைசிப் பக்கம்.
பிறகு இரவு வேலை.
கிறேன் பழுதானால் மற்றவர்கள் ஏசுவார்கள்.
எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்,
கால் மணிக்கு எட்டுப் பக்கம்.

செப்டெம்பரில் அந்தத் தடித்த நாவல்.
அதற்குள் ஒரு குடும்பம்
நூறு பக்கமாய்ச் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவேயில்லை.
நானும் எழும்பவில்லை.

ஒக்டோபர் முடிய இருபத்தொன்பது.
அப்போதுதான் களவுப் புத்தி வந்தது.
மருதானை நடைபாதைக் கடையில்
பெயர் பார்க்காமல், முதுகின் தடிப்பை
விரலால் அளந்து எடுத்தேன்.
கடைக்காரர் மேலுங்கீழும் பார்த்தார்.
இரண்டு தேறியது.
ஒன்று சமையல் குறிப்பு. அதற்கும் ஒரு கோடு.

ஹேமந்த,
அதே கப்பலின் மறுபக்கம் நின்று எண்ணுகிறவன்,
சோற்றுப் பார்சலுக்குக் கீழிருந்து ஒன்றை எடுத்தான்.
"மனிசி எழுதினது. வீட்டுக் காசில அடிச்சம்.
வேற ஆருக்குக் குடுக்க?"
நாற்பத்தெட்டுப் பக்கம்.
ஒரு பின்னேரத்துக்குக் காணும் என்று
மனம் அங்கேயே கோடு கீறிவிட்டது.

சிங்களம் எனக்குப் புதிதில்லை.
பேரம் பேசுவேன், பகிடி விடுவேன்,
கோபம் வந்தால் அதில்தான் நன்றாய் வரும்.
பஸ்ஸின் பலகையை ஓடும்போதே வாசிப்பேன்.
கவிதை வாசித்ததில்லை.

வட்டம் வட்டமாய் எழுத்துகள்.
ஒவ்வொன்றின் கதவிலும் தட்டி
நீ ஆர் என்று கேட்டுத்தான் உள்ளே போகலாம்.
முதல் நாள் நாலு வரி.
ஏழாம் பக்கத்தில் ஒரு சொல் மறித்துக்கொண்டது.
கப்பல் ஏணியடியில் ஹேமந்தவை நான் மறித்தேன்.
அவனுக்கும் தெரியவில்லை.
அடுத்த நாள் வந்து
தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:
"அகராதியில இல்லையாம், அவளே உண்டாக்கினதாம்.
வேலையால வாறபோது
என்ர சேர்ட்டில ஒட்டி வாற உப்புக்கு."

நவம்பர் முழுக்க மழை.
நவம்பர் முழுக்க நாற்பத்தெட்டுப் பக்கம்.
நூலகத்துப் புத்தகங்கள் அலுமாரி மேலே
தண்டம் ஏறிக் கிடந்தன.
நத்தார் வந்தபோது நான்
அதையே இரண்டாந்தரம் வாசித்துக்கொண்டிருந்தேன்,
கொஞ்சம் வேகமாய். பிறகு வேண்டுமென்றே மெதுவாய்.

கப்பல் வெறுமையானதும் படிவம் நிரப்புவது வழக்கம்.
வருடக் கடைசி இரவு
கலண்டரைக் கவிழ்த்துப் போட்டு நிரப்பினேன்.
பட்டியலில் நாற்பது.
இறங்கியது முப்பத்தொன்று.
குறைவு ஒன்பது.
சேதம் ஒன்று: சமையல் குறிப்பில்
சொதிப் பக்கத்தை றெஜினா கிழித்துவிட்டாள்.

கீழே இன்னொரு கட்டம் உண்டு,
அபூர்வமாய்த்தான் நிரம்பும்.
பட்டியலில் இல்லாமல் வந்தது.
அங்கே கோடு கீறக் கை போனது.
கீறவில்லை.
அந்தச் சொல்லை எழுதினேன்,
அவளுடைய மொழியில்,
உருண்டையாய், அநேகமாய்ப் பிழையாய்.

பன்னிரண்டுக்குத் துறைமுகத்தில் கப்பல்கள் ஊதின.
வெடிச் சத்தத்துக்குள் றெஜினா எட்டிப் பார்த்தாள்.
"இதென்ன, முட்டைக் கணக்கோ?"

கதிரையில் கிடந்த சேர்ட்டை எடுத்து
அவளிடம் நீட்டினேன்.